பக்கிரிசாமிக்கு ஓடாத காடி

ருக்குமணி: அடிக்காதீங்க அத. செத்தத எதுக்குப் போட்டு அடிக்கிறீங்க?

பக்கிரிசாமி: அடிக்கல. தட்டறேன். பின் சக்கரத்துல பிரேக் புடிச்சிக்கிச்சு. தட்டித்தான் விடணும்.

ருக்குமணி: இருபத்திரெண்டு வருஷம் இந்தக் கொட்டாயில நின்னா எனக்கும்தான் முட்டி புடிச்சிக்கும். என்னையும் தட்டுவீங்களா?

பக்கிரிசாமி: உன்னத் தட்ட யாரால முடியும்... அந்த ஸ்பானர எடு. அது இல்ல. அரை இஞ்சு.

ருக்குமணி: இதுல எழுதியா இருக்கு?

பக்கிரிசாமி: எழுதித்தான் இருக்கு. கண்ணாடியப் போட்டுக்க.

ருக்குமணி: நான் கண்ணாடி போட்டா என்ன, போடாட்டி என்ன. இது ஓடப் போறதில்ல. பழைய இரும்புக்காரன் நாலு மணிக்கு லோரி கொண்டாறேன்னு சொல்லிட்டான்.

பக்கிரிசாமி: அவனக் கூப்புட்டது யாரு?

ருக்குமணி: நான்தான். நாளைக்குக் காலையில கொட்டாய இடிக்க மெஷின் வருதுன்னு மேனஜர் பெரட்டுல பேர் கூப்புடறப்பவே சொன்னாரு. உங்க மோரிஸ் மைனர் காடியப் பாத்துட்டு மெஷின்காரன் சல்யூட் அடிச்சிட்டுப் போயிருவானா? சேத்து நசுக்கிருவான்.

பக்கிரிசாமி: நாலு மணிதானே. இப்ப ரெண்டுதான் ஆவுது.

ருக்குமணி: இருபத்திரெண்டு வருஷத்துல ஓடாதது ரெண்டு மணி நேரத்துல ஓடிரும். சரி லா. நான் இந்தத் தகரத்து மேல ஒக்காந்து பாக்கறேன்.

சாகுல் ஹமீது: அண்ணே! அண்ணி! பேட்டரி வந்தாச்சு, வழிய விடுங்க!

ருக்குமணி: வாங்க பாய். ஞாயித்துக்கெழம கடைய விட்டுட்டு வந்துட்டீங்களே. சோறு யாரு போடறா?

சாகுல் ஹமீது: என் சம்சாரம் ஆசியா பாத்துக்கறா. நான் இல்லன்னாதான் கடை நல்லா ஓடுதுன்னு வேற சொல்றா. பிரிஞ்சாங்லேர்ந்து இங்க வர ஒரு மணி நேரம் அண்ணி. கியா பார்ம்ல ஒரே ஜாம். ஒரு டப்பா ஸ்ட்ராபெரிக்கு ஆயிரம் காடி நிக்குது.

ருக்குமணி: அந்த ஆயிரமும் ஓடற காடி பாய். நிறுத்துனா நிக்கும், எடுத்தா போவும். இங்க ஒண்ணு இருக்கு பாருங்க, நிக்கறதுல மட்டும் கெட்டி.

சாகுல் ஹமீது: ஆரம்பிச்சிட்டீங்களா...

ருக்குமணி: நான் என்ன ஆரம்பிக்கறது. முப்பத்தோரு வருஷம் தேயிலத் தோட்டத்து ஒர்க்‌ஷாப்ல இருந்தவரு. கொழுந்து ஏத்தற லோரியப் பாத்தாரு. தொரையோட ஜீப்பப் பாத்தாரு. கெளம்பாத மோட்டார்ன்னா கம்போங் ராஜாவுலேர்ந்து தள்ளிக்கிட்டு வருவானுங்க, இவரு கைய வெச்சா கெளம்பிரும். சொந்தக் காடி? அது மட்டும் ஓடல.

பக்கிரிசாமி: பாய், பேட்டரிய அந்தப் பக்கம் வைங்க.

ருக்குமணி: 'நின்னகாடி பக்கிரி'ன்னுதான் லயத்துல பேரே. என் மவ துளசிய ஸ்கூல்ல எப்படிக் கூப்புடுவாங்க தெரியுமா? நின்னகாடி மவ. அழுதுக்கிட்டு வருவா.

சாகுல் ஹமீது: அண்ணே, உங்களுக்குக் கோவமே வராதா?

பக்கிரிசாமி: வந்துச்சு. பழகிப்போச்சு. நெகட்டிவ்வ மொதல்ல மாட்டாதீங்க பாய்.

சாகுல் ஹமீது: எனக்குத் தெரியாதா லா! எங்க பழைய காடி சங்கத்துல போன வருஷம் நான்தான் செயலாளர். என் டட்சன நானேதான் கழட்டி மாட்டுனேன்.

பக்கிரிசாமி: அதான் தாப்பா ரோட்ல ரெண்டு தடவ நின்னுச்சா?

சாகுல் ஹமீது: ஒரு தடவ. இன்னொண்ணு எண்ணெ தீந்துருச்சு... சரி, என்னென்ன செஞ்சீங்க? சொல்லுங்க.

பக்கிரிசாமி: மூணு நாளைக்கு முன்னாடியே பிளக்கக் கழட்டி ஓட்டையில எண்ணெ விட்டு ஊற வெச்சேன். ஹேண்டில முன்னாடி சொருகி கையாலயே சுத்திப் பாத்தேன். மொத நாள் அசையல. ரெண்டாவது நாள் கால் சுத்து. நேத்து முழுசா சுத்திருச்சு.

சாகுல் ஹமீது: மாஷா அல்லாஹ். இஞ்சின் இறுகிப் போகலையே, அதுவே பெரிசு.

பக்கிரிசாமி: டாங்கில கெடந்த பழைய பெட்ரோல எறக்கிட்டேன். வெல்லப்பாகு மாதிரி வந்துச்சு. டாங்க கழுவி, புது பைப் போட்டு, கார்பரேட்டரக் கழட்டி மாட்டிட்டேன். ஏர் பில்டர்ல எலி கூடு கட்டியிருந்துச்சு.

ருக்குமணி: துளசியோட ஸ்கூல் காலுறை ஒண்ணு உள்ள இருந்துச்சு பாய். பத்து வருஷம் முன்னாடி அவள அதுக்காகத்தான் அடிச்சேன், ஒத்தக் காலுறையத் தொலச்சிட்டான்னு. எலி செஞ்ச வேல.

சாகுல் ஹமீது: அவளுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேளுங்க அண்ணி.

ருக்குமணி: கேட்டேன். கோலாலம்பூர்லேர்ந்து சிரிக்கறா. அப்பாவுக்கு நெசமாவே காடி ஓட்டத் தெரியுமாம்மான்னு கேக்கறா.

பக்கிரிசாமி: ம்... சாவியப் போடறேன். சத்தம் வருதா பாருங்க.

சாகுல் ஹமீது: டிக் டிக்னு... வருது! பெட்ரோல் பம்பு வேல செய்யுது அண்ணே!

ருக்குமணி: பல்லி மாதிரி கத்துது. இதுக்குப் போயி இம்புட்டு சந்தோஷமா?

பக்கிரிசாமி: இப்ப ஸ்டார்ட்டர இழுக்கறேன். தள்ளி நில்லு ருக்கு.

சாகுல் ஹமீது: ஆ... ஆ... சுத்துது, சுத்துது... இன்னும் கொஞ்சம்... விடுங்க, விடுங்க. பேட்டரி எறங்கிரும்.

ருக்குமணி: அவ்ளோதானா?

சாகுல் ஹமீது: நல்லாத்தான் சுத்துது அண்ணி. ஆனா புடிக்கல. ஒரு இருமல்கூட இல்ல.

ருக்குமணி: நான்தான் சொன்னேன்ல. விடுங்க. அந்த இரும்புக்காரனுக்குப் போனப் போட்டு சீக்கிரமா வரச் சொல்றேன்.

பக்கிரிசாமி: என்ன அவசரம் உனக்கு?

ருக்குமணி: எனக்கென்ன அவசரம்! மழ வருது, பாருங்க.

பக்கிரிசாமி: இங்க எப்ப மழ வரல?

சாகுல் ஹமீது: இருங்க, இருங்க. ஒரு பிளக்கக் கழட்டி இரும்பு மேல வைங்க. நான் சாவி போடறேன். தீப்பொறி வருதா?

பக்கிரிசாமி: வரல.

சாகுல் ஹமீது: அதான! கரண்டே வரல. எண்ணெ இருக்கு, காத்து இருக்கு, தீதான் இல்ல. தள்ளுங்க அண்ணே, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியத் தொறந்து பாப்போம்.

பக்கிரிசாமி: அத விடுங்க பாய்.

ருக்குமணி: அது வேணாம் பாய்!

சாகுல் ஹமீது: ...என்ன ரெண்டு பேரும் ஒண்ணா கத்தறீங்க?

பக்கிரிசாமி: அது... பழசு. ஒடஞ்சிரும்.

ருக்குமணி: ஆமா. ஒடஞ்சிரும்.

சாகுல் ஹமீது: அட! நான் இருபது வருஷமா உங்களப் பாக்கறேன். ஒரு விஷயத்துல நீங்க ரெண்டு பேரும் ஒத்துப் போயி இன்னைக்குத்தான் பாக்கறேன். கிளிப்பு ரெண்டே ரெண்டுதான். இந்தா... வந்துருச்சு. ஒடையல. ...அண்ணே.

பக்கிரிசாமி: ம்.

சாகுல் ஹமீது: அண்ணே, ரோட்டர் இல்ல.

ருக்குமணி: அப்படின்னா?

சாகுல் ஹமீது: கட்டவெரல் அளவுல ஒரு சாமான் அண்ணி. கறுப்பா இருக்கும், மேல பித்தளத் தகடு. அது சுத்திச் சுத்தி ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட்டப் பிரிச்சிக் குடுக்கும். அது இல்லன்னா இந்தக் காடி ஏழு ஜென்மம் ஆனாலும் ஓடாது. எவனோ கழட்டிட்டான்!

ருக்குமணி: எவன் வந்து இத...

சாகுல் ஹமீது: எவனோ லா. தெரிஞ்சவன்தான் செஞ்சிருக்கான். மூடிய மறுபடி ஒழுங்கா மாட்டி வெச்சிருக்கான் பாருங்க. எதிரி யாராச்சும் உண்டாண்ணே உங்களுக்கு?

பக்கிரிசாமி: எதிரியா... வெளியில யாரும் இல்ல.

ருக்குமணி: ரோட்டர் புதுசா வாங்க முடியாதா?

சாகுல் ஹமீது: ஈப்போல எங்க சங்கத்து மகேன் வெச்சிருப்பான். இருங்க, கேக்கறேன்... ஹலோ மகேன்! மோரிஸ் மைனர் ரோட்டர் ஒண்ணு... ஆ... இருக்கா! எப்ப கொண்டாருவ?... ஓ... சரி, சரி. ...அண்ணே, புதன்கெழம வரேங்கறான்.

பக்கிரிசாமி: நாளைக்கு மெஷின் வந்துரும்.

சாகுல் ஹமீது: கோயில் கொட்டாய்க்குத் தள்ளிட்டுப் போயிட்டா?

பக்கிரிசாமி: மேடு பாய். சேறு வேற. கோயில் கொட்டாய் வரைக்கும் அதுவா ஓடுனாத்தான். அடுத்த மாசம் கம்போங் ராஜா வீட்டுக்குக் குடி போறப்ப அங்கேர்ந்து எடுத்துக்கலாம்னு கோயில் கமிட்டியில கேட்டு வெச்சிருந்தேன்.

சாகுல் ஹமீது: என் வேன்ல கயிறு கட்டி இழுத்தா?

பக்கிரிசாமி: உங்க வேன் இந்த மேட்டுல உங்களையே இழுக்க மாட்டேங்குது.

சாகுல் ஹமீது: அதுவும் சரிதான்...

பக்கிரிசாமி: விடுங்க பாய். லோரி வந்தா ஏத்தி விட்ருவோம். செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு.

சாகுல் ஹமீது: சீட்டுக்கூட கிழியல அண்ணே. பெயிண்ட்டு பாருங்க. இத நசுக்கி இரும்பா விப்பானுங்க. எனக்கு வயிறு எரியுது.

பக்கிரிசாமி: என்ன ருக்கு? காலையிலேர்ந்து வாய் ஓயல. இப்ப ஒண்ணும் சொல்லலையே. சொல்லு. நின்னகாடி கதைய முடிச்சு வையி.

ருக்குமணி: ...இருங்க. வீட்டுக்குப் போயிட்டு வந்துர்றேன்.

சாகுல் ஹமீது: தேத்தண்ணியெல்லாம் வேணாம் அண்ணி!

ருக்குமணி: தேத்தண்ணி இல்ல.

சாகுல் ஹமீது: ...அண்ணே. அண்ணி போயிட்டாங்க. இப்ப சொல்லுங்க.

பக்கிரிசாமி: என்னத்த?

சாகுல் ஹமீது: காடி ஓடலன்னா எந்த மெக்கானிக்கும் மொதல்ல தொறக்கறது இந்த மூடியத்தானே. நான் சோத்துக்கடக்காரன், எனக்கே தெரியுது. அன்னைக்கு நீங்க தொறந்து பாக்கலையா?

பக்கிரிசாமி: அன்னைக்கு மழ.

சாகுல் ஹமீது: அடுத்த நாள்?

பக்கிரிசாமி: அடுத்த நாளும் மழ.

சாகுல் ஹமீது: இருபத்திரெண்டு வருஷமும் மழயா? இந்த மூணு நாளும் எல்லாத்தையும் கழட்டியிருக்கீங்க. எலி கூடு வரைக்கும் பிரிச்சிருக்கீங்க. இது ஒண்ணத்தான் தொடல.

பக்கிரிசாமி: பாய், நேத்து உங்க கடையில மீன் கொழம்பு சாப்புட்டேன். உப்பு இல்ல. நான் எதாச்சும் கேட்டேனா?

சாகுல் ஹமீது: சரி லா, சரி லா. கேக்கல... வந்துட்டாங்க. என்ன அண்ணி, மூச்சு வாங்குது?

ருக்குமணி: இந்தாங்க.

சாகுல் ஹமீது: என்ன இது? துணி முடிச்சு... பொத்தானா?

ருக்குமணி: அவருகிட்ட குடுங்க. அவரு பிரிக்கட்டும்.

பக்கிரிசாமி: கையெல்லாம் எண்ணெயா இருக்கு. நீங்களே பிரிங்க பாய்.

சாகுல் ஹமீது: ...யா அல்லா. ரோட்டர்! அண்ணி! நீங்களா?

ருக்குமணி: நான்தான். ஒரு ஞாயித்துக்கெழம காலையில. கல்யாணமாயி மூணு வருஷம். அன்னைக்கு இவரு துணிமணியெல்லாம் பையில போட்டு பின் சீட்டுல வெச்சிட்டாரு. ஜொகூர்ல தர்மான்னு ஒரு கூட்டாளி, ஒர்க்‌ஷாப் போடறான், அவன்கூடப் போறேன்னு. 'வந்தா வா, இல்லன்னா ஒங்கப்பன் காலடியிலயே கெட'ன்னு சொன்னாரு.

பக்கிரிசாமி: ஒங்கப்பன் சொன்னதையும் சொல்லு. கங்காணிங்கற திமிரு. பெரட்டுல நாப்பது பேரு முன்னாடி, 'என் சோத்துல வளர்ற மாப்பிள்ள'ன்னு சொன்னாரு.

ருக்குமணி: சொன்னாரு. தப்புத்தான். அதுக்கு நான் என்ன செய்ய? அம்மா படுத்த படுக்க. விட்டுட்டு எப்படி வருவேன்? அத ஒரு வார்த்த கேட்டீங்களா?

பக்கிரிசாமி: ...கேக்கல.

ருக்குமணி: எனக்குத் தெரியும் பாய், இவரு அன்னைக்குப் போனா திரும்ப மாட்டாருன்னு. மொகம் அப்படி இருந்துச்சு. காடியக் கொட்டாய்க்கு வெளிய எடுத்து நிறுத்திட்டுக் குளிக்கப் போனாரு. நான் ஓடிவந்து பானெட்டத் தூக்கினேன்.

சாகுல் ஹமீது: எதக் கழட்டணும்னு உங்களுக்கு யாரு சொன்னா?

ருக்குமணி: இவருதான்! கல்யாணமான புதுசுல ஈப்போவுக்குப் படம் பாக்கப் போனோம். காடிய யாரும் தூக்கிட்டுப் போகக்கூடாதுன்னு அதக் கழட்டி என் கைப்பையில போட்டாரு. 'இது ஒன்கிட்ட இருந்தா காடி எங்கயும் போவாது'ன்னாரு. படம் முடியற வரைக்கும் நான் கையில புடிச்சிக்கிட்டே இருந்தேன்.

சாகுல் ஹமீது: அதையே எடுத்து அவரு தலையில போட்டுட்டீங்க!

ருக்குமணி: போட்டேன். ஒரு மணி நேரம் மழயில நின்னு பானெட்டத் தூக்கிப் பாத்துட்டு, நனஞ்சிக்கிட்டே வந்தாரு. 'காடி கெட்டுப்போச்சு, ஓடல'ன்னாரு. பையத் திரும்பக் கொண்டாந்து வெச்சாரு. நான் சமையக்கட்டுல வாயப் பொத்திக்கிட்டு நின்னேன். சிரிப்பா அழுகையான்னு எனக்கே தெரியல.

சாகுல் ஹமீது: அப்பறம் ஏன் அண்ணி திருப்பி வெக்கல?

ருக்குமணி: மொதல்ல பயம். அப்பறம் வெக்கம். அப்பறம்... சில நாளு இவரு பண்ற அழும்புக்கு, போய்ச் சேருய்யான்னு நானே மாட்டி விட்ரலாம்னு தோணும். செய்யல. பொத்தான் டின்னுல அடியில போட்டது. முடிச்சிட்டது, இன்னைக்கு வரைக்கும் பிரிச்சதில்ல. போதுமா? சிரிங்க ரெண்டு பேரும். பெரிய மெக்கானிக்க ஏமாத்திட்டேன்.

பக்கிரிசாமி: குடுங்க பாய். மாட்டறேன்.

சாகுல் ஹமீது: இருங்க... அண்ணே, இதப் பாத்தீங்களா? நம்ம ஊரு ஈரத்துல வருஷத்துக்கு ஒரு தடவயாச்சும் தேய்க்காத குத்துவெளக்கே பச்ச புடிச்சிருது. இது இருபத்திரெண்டு வருஷம் டின்னுல கெடந்த பித்தளையாம். இன்னைக்குக் கடையில வாங்குன மாதிரி பளபளங்குது.

பக்கிரிசாமி: நல்ல பித்தளை.

சாகுல் ஹமீது: அவ்ளோ நல்ல பித்தளையா?

பக்கிரிசாமி: அந்தக் காலத்துச் சாமான் பாய். குடுங்க. ...மூடிய மாட்டியாச்சு. கிளிப்பு போட்டாச்சு. நீங்க போயி சாவியப் போடுங்க.

சாகுல் ஹமீது: நானா? நீங்க போடுங்கண்ணே. உங்க காடி.

பக்கிரிசாமி: சரி... ருக்கு, தள்ளி நில்லு.

ருக்குமணி: நிக்கறேன். போடுங்க.

சாகுல் ஹமீது: ஆ... சுத்துது... இருமுது! இருமுது! விடாதீங்க! சோக்க இழுங்க... புடிச்சிக்கிச்சு! அல்லாஹு அக்பர்! புடிச்சிக்கிச்சு அண்ணே!

ருக்குமணி: ஐயோ, என்ன பொகை! கொட்டாய் எரியுதா?

சாகுல் ஹமீது: எண்ணெ எரியுது அண்ணி, ஊற வெச்ச எண்ணெ! ரெண்டு நிமிஷத்துல போயிரும். கேளுங்க, சத்தத்தக் கேளுங்க. என் டட்சன்கூட இப்படி ஓடாது!

பக்கிரிசாமி: நீங்களே கழட்டி மாட்டுனீங்கல்ல, அதான்.

சாகுல் ஹமீது: இன்னைக்கு நீங்க என்ன வேணா சொல்லலாம் லா! அண்ணி, லோரி கீழ வளைவுல ஏறுது பாருங்க. நான் வேன எடுத்துட்டுப் போயி மடக்கறேன். உள்ள வுட்டா ஏத்தாமப் போவ மாட்டான் அந்தாளு. நீங்க காடிய நிறுத்தாதீங்க, கொஞ்ச நேரம் ஓடட்டும்!

பக்கிரிசாமி: சரி பாய். ...உள்ள ஒக்காரு ருக்கு. கூர ஒழுகுது, நனையற.

ருக்குமணி: இதுலயா? எலி இருக்கா?

பக்கிரிசாமி: எலி வெளிய போயாச்சு. ஒக்காரு.

ருக்குமணி: ...சீட்டு இன்னும் அப்படியே இருக்கு.

பக்கிரிசாமி: ம்.

ருக்குமணி: பாய் சொன்னது... அந்தப் பித்தள.

பக்கிரிசாமி: அவரு எதாச்சும் சொல்லிக்கிட்டேதான் இருப்பாரு.

ருக்குமணி: நான் ஒத்த முடிச்சு போட்டிருந்தேன். இன்னைக்கு டின்னுலேர்ந்து எடுக்கறப்ப ரெட்ட முடிச்சு இருந்துச்சு. ஓடிவந்த அவசரத்துல நெனப்பு வரல. இப்பத்தான் வருது. என்னப் பாத்துச் சொல்லுங்க. எப்பலேர்ந்து தெரியும்?

பக்கிரிசாமி: அன்னைக்கே. சாவி போட்டேன், ஓடல. மூடியத் தொறந்தேன், காலி. அஞ்சு நிமிஷம் ஆவல.

ருக்குமணி: அஞ்சு நிமிஷமா! அப்பறம் ஒரு மணி நேரம் மழயில நின்னு என்ன பண்ணீங்க?

பக்கிரிசாமி: ஒண்ணும் பண்ணல. ஸ்பானர இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கு மாத்துனேன்.

ருக்குமணி: டின்னுல இருக்கறது எப்படித் தெரிஞ்சுது?

பக்கிரிசாமி: அந்த வாரம் நீ என்கூடப் பேசல. சட்டப் பொத்தான் அந்துபோச்சு. நானே தைக்கலாம்னு டின்னக் கவுத்தேன். அப்பறம் தீவாளிக்குத் தீவாளி, நீ எண்ணெ தேச்சுக் குளிக்கப் போறப்ப, எடுத்துத் தொடச்சுத் திரும்ப வெச்சிருவேன்.

ருக்குமணி: இந்த மூணு நாளா அந்த மூடியத் தொறக்காம...

பக்கிரிசாமி: நீயா கொண்டாரட்டும்னுதான்.

ருக்குமணி: பாவி மனுசா. ஒரு வாரத்துலயே கையில கெடச்சிருச்சே. எடுத்து மாட்டியிருக்கலாம்ல? ஊரு சிரிச்சிச்சு. நானும் கூடச் சேந்து சிரிச்சேன். ஒரு நாளாச்சும் மாட்டியிருக்கலாம்ல?

பக்கிரிசாமி: மாட்டியிருந்தா... காடி ஓடியிருக்குமே, ருக்கு.